ஏழாவது கோட்பாட்டை அச்சிடக் கோரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அய்யா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும், உங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துகிறவர் முதல் இதழைக் கட்டுக் கட்டி வண்டியில் ஏற்றுகிறவர் வரை எல்லோரும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நானும் சுகமாகத்தான் இருந்தேன், உங்கள் தோட்டப் பக்கத்தில் அந்த நிபுணர் எழுத ஆரம்பிக்கும் வரையில்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தவள். உங்கள் இதழை அட்டையிலிருந்து அட்டை வரை, நடுவில் வரும் கொசுவத்தி விளம்பரம் உட்பட, ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறவள். கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கும் என் பேத்திகூட (என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, அவளுடைய வாத்தியார்களே சொல்கிறார்கள்) இத்தனை கவனமாக எதையும் படிப்பதில்லை. "பத்திரிகைக்கு எழுதுனா சுருக்கமா எழுதணும் பாட்டி, இல்லேன்னா பிரிக்காமலே குப்பையில போட்டுருவாங்க" என்று அவள் சொன்னாள். அதனால் சுருக்கமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டால் அதற்கு உங்கள் நிபுணர்தான் பொறுப்பு.

'அழகிய இல்லத் தோட்டத்துக்கு ஆறு கோட்பாடுகள்' என்று வாரம் ஒன்றாகப் போட்டீர்களே, அதை யார் யார் படிப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா அய்யா? என் மகன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, ஊரில் ஒருவரும் படிக்காத காகிதம், அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படிக்கிறவன் அவன். அச்சில் உள்ளதை மீறினால் ஆள் போய்விடுவான் என்று தொழிலில் பழகியவன். பெற்ற தாய் சொன்னால் "பாக்கலாம்மா" என்பான். அதையே யாரோ முகம் தெரியாதவர் அச்சில் சொன்னால் அன்றைக்கே செய்து முடிப்பான். அவன் உங்கள் கட்டுரையைக் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான். வாரத்துக்கு ஒரு வேளை மருந்து போல வாரத்துக்கு ஒரு கோட்பாட்டை எங்கள் வீட்டுக்குப் புகட்டினான்.

எங்கள் பின்கட்டு பெரிய மாளிகைத் தோட்டம் இல்லை. ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல், துணிக்கொடி, பெயிண்ட் டின்னில் நான்கு தக்காளிச் செடி, விரிசல் விட்ட பேசினில் புதினா, ஒரு ரோஜா, கைப்பிடி மிளகாய். அதற்கப்பால் மார்பளவு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா வீடு. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் விடமாட்டேன்.

முதல் வாரம், செடி வைக்கும் முன்பு வீட்டுக்குள்ளிருந்து சன்னல் வழியாகத் தோட்டத்தைப் பாருங்கள் என்று எழுதினார் உங்கள் ஆள். எந்தச் சன்னல், எந்த நேரம் என்று எழுதினாரா? என் மகன் காலையில் சமையலறைச் சன்னலில் போய், அடுப்புக்கும் என் மருமகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் சட்டம் போல வைத்துப் பார்த்தான். "நீங்க தோட்டத்தைப் பாருங்க, பாலை யாரு பாக்குறது?" என்றாள் மருமகள். "ஒரு நிமிஷம், காட்சிக்கோடு தேடுறேன்" என்றான். பால் பொங்கி அடுப்பு அணைந்து தரையெல்லாம் ஓடியது. என் மருமகள் தையற்காரி; கத்தரியைக் கையில் எடுத்தாலொழியக் கோபப்படாதவள். அன்றைக்குக் கத்தரி இல்லாமலே கோபப்பட்டாள்.

அடுத்தது வளைவு. நேர்ப்பாதை மனதைச் சலிப்படையச் செய்யும், வளைந்த பாதை 'அடுத்து என்ன வருமோ' என்ற ஆவலைத் தூண்டும் என்று எழுதியிருந்தார். அய்யா, சமையலறைக் கதவிலிருந்து பார்த்தால் துணிக்கொடி தெரிகிறது. அடுத்து என்ன வரும் என்றால் துணிக்கொடிதான் வரும். அதற்காக ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு, பாம்பு போன வழியாகக் கை வலிக்கச் சுற்றிப் போக வேண்டுமா? மருமகளின் அளவுநாடாவை எடுத்து வளைவு வளைவாக அளந்து, செங்கல் பதித்து, நடுவில் புல்லும் போட்டான். நானும் மருமகளும் புல்லை மிதித்துக்கொண்டு நேராகத்தான் போனோம். நேராகப் போகாதபடி கூழாங்கல் கொட்டினான். அதையும் மிதித்தோம். இப்போது அந்த வளைவுப் பாதையில் நடக்கிறவன் அவன் ஒருவன்தான். கடையிலிருந்து வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவன் போல ஆவலோடு நடந்துபோய்த் துணிக்கொடியைக் கண்டுபிடித்துத் திரும்பி வருகிறான்.

ஒற்றைப்படைக் கோட்பாட்டைச் சொல்லவே எனக்கு வயிறு எரிகிறது. செடியோ, தொட்டியோ, இருக்கையோ, மூன்றாக ஐந்தாக வைத்தால் கண்ணுக்கு இயல்பாக இருக்குமாம். என் தக்காளி நான்கு. நான்கும் காய்த்துக்கொண்டிருந்தவை. "ஒண்ணு வாங்கி அஞ்சாக்கிடேன்டா" என்றேன். "இடம் பத்தாதும்மா, அளவுப் பொருத்தம் வேணும்னு இதுலயே போட்டிருக்கு" என்று ஒரு செடியைத் தூக்கி மருந்துக்கடை வாசலில் கொண்டுபோய் வைத்தான். அங்கே அதற்கு வெயில் இல்லை. ஆனால் இரண்டு நாற்காலி மட்டும் மூன்றானது. அதற்கு மட்டும் இடம் எப்படிப் பத்தியதோ. நானும் மருமகளும் இரண்டு பேர், மூன்றாவதில் யார் உட்காருவார்கள்? தெருவில் திரிந்த பூனை வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்து, அங்கேயே குட்டியும் போட்டது. மூன்று குட்டி. என் மகனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தியாம்மா, இயற்கையே ஒற்றைப்படைதான்" என்றான். தாயோடு சேர்த்து நாலு என்று மருமகள் எண்ணிச் சொன்னாள். அன்றிரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரே செடியைத் திரும்பத் திரும்ப வைத்தால் தோட்டத்துக்கு ஒருமை வரும் என்றார். வைத்தோம். எங்கே திரும்பினாலும் அதே குரோட்டன். ஒரு செடிக்கு மாவுப்பூச்சி வந்தது. பூச்சியும் உங்கள் இதழ் படித்திருக்கும் போல, அதுவும் திரும்பத் திரும்ப வந்தது. நிறத்திலும் அந்த ஒருமை வேண்டுமாம், அதனால் சிவப்பு வாளிக்கு வனவாசம். துணி உலர்த்தும்போதுகூட நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளைப் போடாதே, கண்ணை இழுக்கிறது என்கிறான். துணி என்றால் காய வேண்டும், அய்யா. கண்ணை இழுப்பது, இழுக்காமலிருப்பது அதன் வேலை இல்லை.

ஐந்தாவது வாரம் பார்வை மையம். தோட்டத்துக்குள் நுழைந்ததும் கண் போய் நிலைகொள்ள ஒரு பொருள் வேண்டுமாம். சிமெண்டில் செய்த கொக்கு ஒன்று வண்டியில் வந்தது. ஒற்றைக்காலில் நிற்கிறது. வருகிற வழியிலேயே அலகு பாதி உடைந்துவிட்டது. கண் நிலைகொண்டது உண்மைதான், எடுக்க முடியவில்லை. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் அந்தி மங்கலில் அதனிடம், "கொஞ்சம் நகருங்க சார்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். உங்களுக்குக் கடிதம் எழுத நான் பேனாவைத் தேடியது ஆறாவது கோட்பாட்டுக்காக. அதை நீங்களே எடுத்துப் பாருங்கள். 'கண்ணை உறுத்துவதை மறையுங்கள். அண்டை வீட்டின் அலங்கோலம் உங்கள் தோட்டத்தின் அழகைக் கெடுக்க அனுமதிக்காதீர்கள்.' இப்படி அச்சடித்திருக்கிறீர்கள். இதற்கு ஒரு தச்சரைக் கூட்டிவந்து, மதிலின் மேல் சட்டம் அடித்து, என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்துக்கு மூங்கில் தட்டி வைத்துவிட்டான் என் மகன். நான் கண் மருத்துவரிடம் போயிருந்த நேரத்தில் வைத்தான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், நர்ஸம்மாவைக் காணோம். மருந்தினால்தான் தெரியவில்லை என்று முதலில் நினைத்தேன்.

இப்போது அவளைப் பற்றிச் சொல்கிறேன். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் உலகத்தில் எல்லோரும் அவளுக்கு நோயாளி. நான் ஐந்து படித்தவள் என்பது எப்படியோ அவளுக்குத் தெரிந்துபோய், என்னை 'அஞ்சாங்கிளாஸ்' என்றே கூப்பிடுவாள். நான் அவளை 'ஊசி' என்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. எப்போதோ ஒரு எலுமிச்சைக் கிளை விஷயமாகப் பேச்சு முற்றி, அவள் வீட்டு வாசற்படியை நான் மிதிப்பதில்லை, எங்கள் வாசற்படியை அவள் மிதிப்பதில்லை என்று ஆகிவிட்டது. யார் முதலில் போனாலும் போனவர் தோற்றவர். அதனால் எங்கள் சண்டை எல்லாம் மதிலோரத்தில்தான். தினமும் காலையில் துணி காயப்போடும் நேரத்தில், ஒரு நாள் தவறாமல்.

எப்படிப்பட்ட சண்டை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ஆள் எதை மறைத்தார் என்று உங்களுக்குப் புரியாது.

"ஏ அஞ்சாங்கிளாஸ், பிரஷர் மாத்திரை போட்டாச்சா? கன்னம் ரெண்டும் வீங்கிக் கிடக்கு."

"போட்டாச்சு, போட்டாச்சு. உன் வேலையப் பாரு. உன் மரத்து இலை பூரா என் புதினாவுல கிடக்கு."

"இலையாவது விழுதேன்னு சந்தோஷப்படு. உன் பக்கம் வேற எது பச்சையா இருக்கு?"

"ராத்திரி பூரா இருமுனியே, கஷாயம் வச்சுக் குடிச்சியா? நர்ஸுன்னு பேரு, தனக்கு ஒண்ணும் பாத்துக்கத் தெரியல."

"என் இருமல எண்ணிக்கிட்டு முழிச்சுக் கிடந்தியாக்கும்? உனக்குத் தூக்கம் வராத வியாதி. டாக்டரைப் பாரு."

இப்படி. மாத்திரை போட்டேனா என்று என் வீட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிற மகன் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்குப் பிள்ளை ஒருவன், எங்கேயோ தூரத்தில் இருக்கிறான். வீட்டில் அவள் தனி. காலையில் அவள் வீட்டுப் பின்கதவு திறந்ததா இல்லையா என்பது இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும் அய்யா. அவள் மேல் அக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். கதவு என் கண்ணுக்கு நேராக இருந்தது, பார்த்தேன், அவ்வளவுதான். இப்போது எனக்கு நேராக மூங்கில் இருக்கிறது.

தட்டி வழியாகச் சத்தம் போகுமே, பேசலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் பேத்தியும் அதைத்தான் கேட்டாள். முகம் பார்க்காமல் போடுவது சண்டையா? அது தபாலில் சண்டை போடுவது மாதிரி. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. தட்டி எழும்பிய நாளிலிருந்து அந்தப் பக்கம் பேச்சே இல்லை. இருமல் கேட்கிறது, வாளி வைக்கிற சத்தம் கேட்கிறது, பேச்சு மட்டும் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாதா? தட்டியை நான் வைக்கச் சொன்னேன் என்று நினைக்கிறாள். 'அலங்கோலம்' என்ற சொல்லையும் அவள் படித்திருப்பாள், ஏனென்றால் அவளும் உங்கள் இதழ்தான் வாங்குகிறாள். இத்தனை வருடம் வாய்க்கு வாய் பதில் சொன்னவள், இந்த அஞ்சாங்கிளாஸ் கடைசியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மறைப்புக் கட்டிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டு வாயை மூடிவிட்டாள். "நான் வைக்கலடி, என் பிள்ளை என்னைக் கேக்காம வச்சுட்டான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வேன்? என் வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு துரும்பு அசையாது என்று அந்த மதிலில் சாய்ந்துகொண்டு இத்தனை காலம் அவளிடம் பீற்றியவள் நான்.

நான்கு நாளைக்கு முன் காலையில் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இருமல் இல்லை, வாளி இல்லை, குழாய் இல்லை. நான் துணியைக் காயப்போட்டு, திரும்ப எடுத்து, திரும்பவும் காயப்போட்டேன். சத்தமில்லை. பூனையை இறக்கிவிட்டு அந்த மூன்றாவது நாற்காலியைத் தட்டியோரம் இழுத்துப் போட்டு மேலே ஏறினேன். உங்கள் நிபுணர் புது மண் கொட்டச் சொல்லியிருந்தாரே, நாற்காலிக் கால் அதில் புதைந்து சாய்ந்தது. நான் பிடிப்பதற்குக் கைக்கு அகப்பட்டது கொக்கின் கழுத்து. கழுத்து என் கையோடு வந்தது, நான் குரோட்டன் மேல் உட்கார்ந்தேன். மகன் ஓடி வந்தான். "அய்யய்யோ, பார்வை மையம் போச்சே!" என்றான். பெற்றவள் செடிக்குள் கிடக்கிறேன், அய்யா. பிறகுதான், "அடிபட்டுச்சாம்மா, எதுக்கு மேல ஏறின?" என்று கேட்டான். என்ன சொல்வேன்? "துணி பறந்துருச்சு" என்றேன். சற்று நேரத்தில் தெருப்பக்கம் அவள் குரல் கேட்டது, காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு. காலையிலேயே எங்கோ போய்த் திரும்பியிருக்கிறாள். நல்லபடியாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்தை உங்களால் அளக்க முடியாது.

அன்றைக்குச் சாயந்திரமே மகனிடம் கேட்டுவிட்டேன். "தட்டிய எடுத்துடுடா."

"ஏம்மா? அந்தம்மாவோட தினம் சண்டைன்னு நீதானே சொல்லுவ. உனக்கு நிம்மதியா இருக்கட்டும்னுதானே வச்சேன்."

"எனக்கு நிம்மதி வேணும்னு உங்கிட்ட யாருடா கேட்டா?"

"கோட்பாட்டுலயே இருக்கும்மா. ஆறாவது. வந்து பாரு" என்று குளிர்பெட்டியைக் காட்டினான். மருமகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒட்டிய காகிதத்தோடு யார் வாதாடுவது?

ஆகவே, ஆசிரியர் அய்யா, நீங்கள் கட்டிய சிக்கலை நீங்களே அவிழ்க்க வேண்டும். வரும் இதழில் ஏழாவது கோட்பாடு ஒன்றை அச்சிட வேண்டும். வாசகம் நானே எழுதித் தருகிறேன், உங்கள் ஆளுக்குச் சிரமம் வேண்டாம்: 'பக்கத்து வீட்டுப் பக்கமுள்ள மதிலின் மேல் எதையும் கட்டக் கூடாது. கட்டியிருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். அங்கே காற்று வர வேண்டும்.' காற்று என்று போடுங்கள், வேறு காரணம் போட வேண்டாம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் இன்னொரு வரி: 'சில வீடுகளில் இத்தகைய மறைப்புகளை வீட்டுப் பெரியவர்களைக் கேளாமல் மகன்மார் வைத்துவிடுவதாக அறிகிறோம், அதற்குப் பெரியவர்கள் பொறுப்பல்ல.' இதைப் படித்தால் என் மகன் தட்டியை எடுப்பான். இதைப் படித்தால் படிக்க வேண்டிய இன்னொருத்திக்கும் விஷயம் புரியும். என் வாயால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. யார் வாசற்படியையும் யாரும் மிதிக்க வேண்டியிருக்காது. போடாவிட்டால் நான் உங்கள் இதழை நிறுத்திவிடுவேன். கொசுவத்தி விளம்பரம் படிக்கவும் ஆள் இருக்காது.

வயதில் மூத்தவள் என்ற உரிமையில் வாழ்த்துகிறேன்: உங்கள் அச்சுக்கூடத்தில் மை வற்றாமல், காகிதம் நனையாமல், கண்பார்வை மங்காமல் நீங்கள் நெடுங்காலம் ஆசிரியராக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். அந்த நிபுணரை நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தலையில்லாத கொக்கு நிற்கும் வீட்டின் மூத்தவள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு வைத்துவிட்டு இன்று காலை துணி காயப்போடப் போனேன். தட்டியில், சரியாக என் முகத்துக்கு நேரே, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்குள் நர்ஸம்மாவின் முகம்.

"எலி கடிச்சிருக்கு" என்றாள்.

"இத்தனை உசரத்துலயா? எலி என்ன ஸ்டூல் போட்டு ஏறுச்சா?"

"ஏறும். நாற்காலி போட்டு ஏறிக் கொக்கைக் கொன்ன எலியும் இந்தத் தெருவுல உண்டு. உன் பிள்ளை போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. இடுப்புல வலி இருக்கா? திரும்பு, பாக்குறேன். இதுக்குத்தான் சொன்னேன், உனக்குத் தலை சுத்தல். மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு. அன்னைக்குக் காலங்காத்தால எங்க போய்த் தொலைஞ்ச?"

"நான் எங்க போனா உனக்கென்ன? நீதான் மறைப்புக் கட்டிட்டியே."

"நான் கட்டல."

"தெரியும். உனக்கு அவ்வளவு யோசனை ஏது? உன் பிள்ளை தச்சரோட நின்னதை நான் பாக்கலையா?"

தெரிந்துகொண்டே இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், அய்யா! நான் அடித்துப் பிடித்து முதலில் வந்து பேசட்டும் என்று. அப்படிப்பட்டவள் அவள். கடைசியில் பொறுக்க முடியாமல் கத்தரியை எடுத்தது யார்? அவள்தான். ஆகவே நான் தோற்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு முன்னைவிட மேலாக இருக்கிறது. ஓட்டையில் முகம் மட்டும்தான் தெரியும். என் தக்காளி மூன்றாகக் குறைந்ததை அவளால் எட்டிப் பார்த்துச் சிரிக்க முடியாது. சமையலறைச் சன்னலில் நிற்கிறவர்களுக்கும் என் தலை மறைத்து அவள் முகம் தெரியாது. நாங்கள் என்ன பேசினாலும் நான் துணியோடு பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே அந்த ஏழாவது கோட்பாட்டைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம். அச்சிட்டால் என் மகன் தட்டியை எடுத்துவிடுவான். மறைக்க வேண்டியதை மறை என்ற ஆறாவதுதான் ஆறிலும் சிறந்தது என்று உங்கள் நிபுணரிடம் சொல்லுங்கள், அவர் விவரம் தெரிந்தவர்தான். அவரிடம் ஒரு சந்தேகம் மட்டும் கேட்க வேண்டும்: வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் ஓட்டை தெரியாமலும், கிட்டே போனால் முகத்தை மறைக்காமலும் படர்கிற கொடி எது?

பதிலை இதழில் போட வேண்டாம், மகன் படித்துவிடுவான். தபாலில் அனுப்புங்கள். எங்கள் வீட்டுக்கு அனுப்பினாலும் அவன் கையில்தான் கிடைக்கும். உறையின் மேல் நர்ஸம்மா வீட்டு முகவரியைப் போடுங்கள், பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஓட்டை வழியாக என்னிடம் கொடுத்துவிடுவாள். பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பாள்.